முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால்

"உளூச் செய்த இடத்தில் ஈரம் இருந்தது, கால் வழுக்கிவிட்டது" என்பார்கள். "இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தார்கள், தலை சுற்றிவிட்டது" என்பார்கள். "வாசற்படியில் கால் இடறிற்று" என்பார்கள். எழுபது வயதைக் கடந்த தாயோ தகப்பனாரோ நின்ற நிலையிலிருந்து விழுந்து, பிறகு எழ முடியாமற்போன செய்தி எந்தக் குடும்பத்துக்கும் புதியதன்று. விழுந்த உயரம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. ஆயினும் அந்தச் சிறிய வீழ்ச்சியிலே, உடலில் மிக நீண்டதும் வலியதுமான தொடையெலும்பு தன் மேற்பகுதியில் முறிந்துவிடுகிறது. மக்கள் இதனை 'இடுப்பெலும்பு முறிவு' என்கிறார்கள். உண்மையில் முறிவது இடுப்புக்கூடு அன்று. இடுப்போடு பொருந்தும் தொடையெலும்பின் கழுத்தோ, அதனை அடுத்த பகுதியோதான். வழக்கிலுள்ள பெயரையே நாமும் இங்கே கையாளுவோம்.

இந்த ஒரு முறிவைப் பற்றித் தனியே எழுதக் காரணம் உண்டு. கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். ஆறு வாரங்களில் பெரும்பாலும் கூடிவிடுகிறது. அதே கணக்கை இடுப்பெலும்புக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். "வயதாகிவிட்டது, இனி எதற்குக் கத்தி? படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம்" என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். அன்பினால் எடுக்கப்படும் முடிவுதான் அது. ஆனால், இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாடுகளின் மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன. அவர்களுள் பலரின் உயிரைப் பறிப்பது முறிந்த எலும்பன்று. அதன் பின் வாய்க்கும் நீண்ட படுக்கையும், அது கொண்டுவரும் நோய்களும் ஆகும். வீட்டார் பாதுகாப்பு என்று கருதும் படுக்கையே இங்கே முதல் அபாயமாக இருக்கிறது.

ஒரே இடம், இருவேறு முறிவுகள்

தொடையெலும்பின் உச்சியில் பந்து போன்ற ஓர் உருண்டைத் தலை இருக்கிறது. அது இடுப்பின் கிண்ணக்குழிக்குள் பொருந்திச் சுழல்கிறது. அந்தத் தலையையும் நீண்ட தண்டுப் பகுதியையும் இணைப்பது சாய்வாக அமைந்த கழுத்து. தலைக்கு வேண்டிய இரத்தம் பெரும்பாலும் இந்தக் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் மெல்லிய நாளங்கள் வழியாகவே போகிறது. நோயின் போக்கு முழுவதையும் தீர்மானிப்பது இந்தச் சிறு நாளங்கள்தாம்.

கழுத்தில் முறிந்து எலும்பு விலகிவிட்டால் அந்நாளங்கள் அறுந்துபோகின்றன. இரத்தம் கிடைக்காத தலை சிறுகச் சிறுக மடிகிறது. முறிந்த இடம் கூடாமலே நின்றுவிடுகிறது. கழுத்துக்குச் சற்றுக் கீழே, தசைகள் பற்றிக்கொள்ளும் புடைப்புகளுக்கு இடையில் முறிந்தால் கதை வேறு. அங்கே இரத்த ஓட்டம் மிகுதி, எலும்பு கூடிவிடும். ஆனால் தசைகள் இழுப்பதால் கால் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் கோணலாகக் கூடும். லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், 1822இல் வெளியிட்ட தம் நூலில், மூட்டின் உறைக்குள் நேரும் முறிவையும் உறைக்கு வெளியே நேரும் முறிவையும் பிரித்துக் காட்டி, முதலாவது கூடுவதரிது என்று விளக்கினார். எக்ஸ்ரே வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, இறந்தோர் உடல்களை ஆராய்ந்து அவர் கண்ட உண்மை அது.

இந்த வேறுபாட்டை அறிந்தால், மருத்துவர் ஒருவருக்கு 'மூட்டையே மாற்ற வேண்டும்' என்பதும் இன்னொருவருக்கு 'கம்பி வைத்தால் போதும்' என்பதும் ஏன் என்று விளங்கும். முதியவருக்குக் கழுத்து முறிந்து விலகியிருந்தால், மடியப்போகும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள். தலையை மட்டும் மாற்றுவது பாதி மூட்டு மாற்று. கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழு மூட்டு மாற்று. அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் 1940இல் உலோகத்தாலான தொடையெலும்பு மேற்பகுதியை முதன்முதலாகப் பொருத்தினார். அவர் பெயரால் வழங்கும் பாதி மூட்டு நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டுகளாகப் பழக்கமானது. முழு மூட்டு மாற்றின் இன்றைய வடிவத்துக்கு வழி வகுத்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. உலோகத் தலை ஒருவகைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலும் அவருடைய முறை 1962இல் நிலைபெற்றது.

கழுத்துக்குக் கீழே முறிந்தால் மூட்டை மாற்ற வேண்டியதில்லை. எலும்பை நேராக்கி, தலைக்குள் பெரிய திருகாணி செலுத்தித் தொடையின் பக்கவாட்டில் தகடு பொருத்துவார்கள். அல்லது எலும்பின் உட்குழிக்குள் கம்பியைச் செலுத்தித் திருகாணியால் பூட்டுவார்கள். 'பிளேட் வைத்தார்கள்', 'ராடு வைத்தார்கள்' என்று நாம் பேசுவது இவற்றைத்தான். கழுத்து முறிந்தவர் அறுபது வயதுக்கு உட்பட்டவராயின், சொந்தத் தலையைக் காப்பாற்றவே மருத்துவர் முயல்வார். விரைந்து எலும்பை ஒழுங்குபடுத்தித் திருகாணிகளால் இறுக்குவார்.

எந்த மூட்டு, எந்த நிறுவனம், உள்நாடா வெளிநாடா என்று உறவினர்கள் நாள் கணக்கில் ஆராய்வதுண்டு. கழுத்து முறிந்த ஏறத்தாழ 1,500 பேரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளுக்குள் மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தோர் எண்ணிக்கையில் பாதி மூட்டுக்கும் முழு மூட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நடமாட்டத்தில் முழு மூட்டு சிறிதளவே மேலாக இருந்தது. வெளியே தாமாகச் சென்று வரும் திடகாத்திரமானவருக்கு முழு மூட்டு நல்லதுதான். வீட்டுக்குள் மட்டுமே நடமாடிய எண்பது வயதினருக்குப் பாதி மூட்டே போதும். பொருத்தும் பொருளின் விலையைவிட அறுவை நடக்கும் நாள் முக்கியம் என்பது எம் கருத்து.

படுக்கை என்ன செய்கிறது?

அறுவை இல்லாத காலத்தில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் அசையாமல் கிடத்தினார்கள். இளைஞர் அதனைத் தாங்குவார். முதியவர் தாங்குவதில்லை.

மல்லாந்தே கிடப்பவரின் நுரையீரல் முழுமையாக விரிவதில்லை. சளி தேங்கி நிமோனியா காய்ச்சல் வருகிறது. அசையாத காலின் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்து, அக்கட்டி கழன்று நுரையீரலை அடைத்துவிட்டால் நொடிப்பொழுதில் மரணம் நேரலாம். "நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், திடீரென்று போய்விட்டார்" என்று சொல்லப்படும் மரணங்கள் சிலவற்றுக்கு இதுவே காரணம். முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் தோல் அழுகிப் படுக்கைப் புண் உண்டாகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது ஆறுவதே பெரும்பாடு. சிறுநீர்ப்பைக் குழாயின் வழியே கிருமி புகுகிறது. வலியாலும் உறக்கமின்மையாலும் மனம் குழம்பி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார்கள். உணவு செல்வதில்லை, தசை கரைகிறது. மூன்று மாதம் கழித்து எலும்பு கூடியிருந்தாலும் எழுந்து நிற்கும் வலு இருப்பதில்லை.

இதனால்தான் மருத்துவ உலகம் 'சீக்கிரம் அறுவை, மறுநாளே எழுந்து நிற்றல்' என்னும் முடிவுக்கு வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்ய வேண்டும் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2011இல் வரையறுத்தது. இன்னும் விரைந்து செய்தால் என்னவாகும் என்பதை 17 நாடுகளில் ஏறத்தாழ 3,000 பேரிடம் ஆராய்ந்தார்கள். முடிவு 2020இல் வந்தது. சில மணி நேரத்திலேயே அறுவை செய்தவர்களுக்கும், ஏறக்குறைய ஒரு நாள் கழித்துச் செய்தவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் விரைந்து செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்திருந்தன. அவர்கள் முன்னதாகவே எழுந்து நின்றார்கள். ஆகவே மணிக்கணக்கில் பதற வேண்டியதில்லை. நாள்கணக்கில் காலம் கடத்துவதுதான் கூடாது.

விழுந்த அந்த வேளையில்

முறிவைக் கண்டுகொள்ள எளிய அடையாளங்கள் உண்டு. விழுந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடக்கும். படுத்தபடியே அந்தக் காலை உயர்த்தச் சொன்னால் இயலாது. தொடை இடுக்கில் வலி இருக்கும். சிலருக்கு வலி முழங்காலில் மட்டுமே தெரியும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஒரு வாரம் கழித்து இடுப்பில் முறிவு கண்டவர்கள் உண்டு. முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் நொண்டி நொண்டி நடக்கவும் முடியும்; முதல் எக்ஸ்ரேயில் கோடுகூடத் தெரியாமற் போகலாம். ஆகவே விழுந்த முதியவர் காலை ஊன்ற அஞ்சுவாரானால், எக்ஸ்ரே நன்றாயிருப்பினும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. படம் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அவ்வேளையில் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். காலை இழுத்து நேராக்க வேண்டாம். "எழுந்து நின்று பாருங்கள்" என்று இருபுறமும் தோள் கொடுத்து நிறுத்த வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களுக்கிடையில் தலையணை வைத்து, பலகை அல்லது கட்டிலோடு தூக்கிச் செல்லுங்கள். 108 வண்டியில் அதற்கான தூக்குப்படுக்கை உண்டு. ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவது பெருந்துன்பம். அன்றாடம் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க ஏதேனும் மாத்திரை உண்கிறாரா என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று.

கட்டும் களிம்பும்

ஆந்திர மாநிலம் புத்தூரை அடுத்த சிற்றூரின் பெயரால் 'புத்தூர் கட்டு' என்னும் பலகை தமிழகத்தின் ஊர்கள்தோறும் தொங்குகிறது. மூங்கில் பத்தையும் துணியும் முட்டையும் கொண்டு கட்டும் பாரம்பரியக் கலையை இழிவாகப் பேசுவது எம் நோக்கமன்று. காறையெலும்பு, விலா எலும்பு, குழந்தைகளின் எளிய கை முறிவு போன்றவை எந்தக் கட்டிலும், ஏன், கட்டே இல்லாமலும்கூடக் கூடிவிடுகின்றன. கட்டுக்காரருக்குப் பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இடுப்பு மூட்டு தசைக்கடியில் ஆழப் புதைந்திருக்கிறது. வெளியிலிருந்து எந்தப் பத்தையும் எந்தக் கட்டும் அதனை அசையாமல் பிடிக்க முடியாது. தொடையைச் சுற்றிக் கட்டிவிட்டு 'நாற்பது நாள் படுங்கள்' என்று அனுப்புவது, அந்த முதியவரை மேலே சொன்ன படுக்கை நோய்களிடம் ஒப்படைப்பதற்குச் சமம். நாற்பது நாள் கழித்து மருத்துவமனைக்கு வரும்போது அறுவை செய்ய எலும்பு இருக்கும். அதனைத் தாங்க உடல் இராது.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுவது நலம். கை கால் முறிவில் கட்டு இறுகி விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது தாளாத வலி கண்டாலோ, கட்டியவர் நாட்டு மருத்துவராயினும் ஆங்கில மருத்துவராயினும், அந்த மணி நேரத்திலேயே கட்டைப் பிரித்தாக வேண்டும். இரத்தம் தடைப்பட்ட தசை சில மணி நேரத்தில் செத்துவிடும். சிறு பிள்ளைகளின் கை வாழ்நாள் முழுதும் கொக்கிபோல் மடங்கிப் போவது இப்படித்தான்.

"மகன் வரட்டும்"

நம் குடும்பங்களில் தாமதத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மகன் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். விடுமுறை கிடைத்து, டிக்கெட் எடுத்து, வந்து சேர நான்கைந்து நாளாகும். அவர் வராமல் கையொப்பமிட ஊரில் யாருக்கும் துணிவிராது. நினைவு தெளிவாக இருக்கும் முதியவரின் சம்மதமே முதற்சம்மதம். தம் உடலுக்குச் செய்யப்படும் அறுவைக்குக் கையொப்பமிட அவருக்கு முழு உரிமை உண்டு. மகனிடம் தொலைபேசியில் மருத்துவரே பேசி விளக்கலாம். உம்மா எழுந்து நடைபழகும் நேரத்தில் மகன் வந்து நின்றால் அதுவே பேருதவி. துணைக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

பெண் நோயாளிகள் கூச்சத்தால் மறுப்பதும் உண்டு. அறுவையின்போது உடல் முழுவதும் பச்சைத் துணியால் போர்த்தப்பட்டு, வெட்டும் இடம் மட்டுமே திறந்திருக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். செவிலியரும் உதவியாளரும் பெண்களாக இருக்க வேண்டும் என்று முன்னரே கேட்டுக்கொள்ளலாம். உயிர் காக்கும் மருத்துவத்தில் மார்க்கம் காட்டும் தாராளத்தை ஆலிம்கள் மூலம் விளக்கினால் பெரியவர்கள் மனம் தேறுவார்கள்.

"இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?" என்பது அடுத்த அச்சம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்தே இவ்வறுவையைப் பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள். முழு மயக்கத்துக்கும் முதுகு ஊசிக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2021இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு காட்டிற்று. ஆகவே எதனைக் கொடுப்பது என்பதை மயக்க மருத்துவரிடமே விட்டுவிடலாம். வயது மட்டுமே அறுவைக்குத் தடையாவதில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தவர்களுக்கும் செய்கிறார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர், நுரையீரலில் தொற்று உள்ளவர் போன்றோரை முதலில் சீராக்கிக்கொள்வது அவசியம். முன்பே படுத்த படுக்கையாகி இறுதிக் கட்டத்தில் இருப்பவரின் நிலை வேறு. அங்கே வலி தணிப்பதே நோக்கமாகும். அதனை மருத்துவரும் குடும்பத்தாரும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது; எலும்பு அறுவைகள் பல அதில் அடங்கும். அட்டையைத் தேடி எடுத்துவைப்பதை விழுந்த நாளன்று செய்யாமல் இன்றே செய்யுங்கள். முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டுள்ளது.

எழுந்த பிறகு

அறுவை முடிந்த மறுநாளே இயன்முறை மருத்துவர் வந்து வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்வார். உறவினர்கள் பதறிப்போய், "இப்போதுதானே அறுத்தார்கள், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்" என்று தடுப்பார்கள். தயவுசெய்து தடுக்காதீர்கள். மறுநாளே நிற்பதற்காகத்தான் அறுவையே நடந்தது. வலி மாத்திரையைச் சிக்கனம் செய்ய வேண்டாம். வலி இருந்தால் நடக்க மாட்டார். முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதம் நிறைந்த உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள். 'அறுத்த உடம்பு' என்று கஞ்சியிலேயே நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம். புண் ஆறவும் தசை ஊறவும் கஞ்சி போதாது.

மூட்டு மாற்றியவர் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் தரையில் உட்காருவதையும், சம்மணமிடுவதையும், குந்துவதையும், தாழ்ந்த இருக்கையில் அமர்வதையும் தவிர்க்க வேண்டும். புதிய தலை கிண்ணத்திலிருந்து நழுவிவிடும் அபாயம் அப்போதுதான் மிகுதி. படுக்கும்போது கால்களுக்கிடையே தலையணை தேவை. இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில் கழிவறை நாற்காலி ஒன்றை வாங்கி வைக்கலாம்.

தொழுகையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் சலுகை இத்தகையோருக்கே உரியது. நாற்காலியில் அமர்ந்து ருகூஉவையும் ஸஜ்தாவையும் சைகையால் நிறைவேற்றலாம். கட்டின் மீது நீர் படக் கூடாதவருக்கும், நீரையே பயன்படுத்த இயலாதவருக்கும் உரிய வழிகளை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். பின்னாளில் தரையில் ஸஜ்தா செய்ய முடியுமா என்பது எந்த அறுவை, எந்த மூட்டு என்பதைப் பொறுத்தது. கம்பி வைத்துக் கூடிய எலும்பு பலரையும் அனுமதிக்கும். மூட்டு மாற்றியவர் தம் அறுவை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதே முறை. மருத்துவர் வேறு சமயத்தவராயின், ஸஜ்தாவின் நிலை எப்படியிருக்கும் என்பதைச் செய்து காட்டிக் கேளுங்கள்; கால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பார்த்தால்தான் அவரால் சரியான விடை சொல்ல முடியும்.

மணிக்கட்டு அனுப்பும் முன்னறிவிப்பு

நின்ற நிலையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிகிறதென்றால் அந்த எலும்பு முன்பே வலுவிழந்திருக்கிறது என்பதே பொருள். இதுதான் எலும்பு மெலிவு நோய். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். 'எலும்புத் தேய்மானம்' என்று நாம் சொல்லும் முழங்கால் நோயோடு இதனைக் குழப்பிக்கொள்கிறோம். அது மூட்டின் குருத்தெலும்பு தேய்வது, வலிக்கும். இது எலும்பின் உட்சட்டமே அரித்துப்போவது. முறியும் நாள்வரை வலிப்பதில்லை.

மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு இது விரைந்து வளர்கிறது. பலருக்கு முதல் முறிவு மணிக்கட்டில் நிகழும். ஐம்பத்தைந்து அறுபது வயதில் கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறியும், கட்டுப் போட்டுக் கூடிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து இடுப்பில் முறியப்போவதன் அறிவிப்பாக அது இருக்கலாம். மணிக்கட்டு முறிந்த நடுத்தர வயதுப் பெண்ணுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனை செய்து பார்ப்பது அவசியம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர்களும் செய்துகொள்ள வேண்டும். பெயரில்லாமல் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது; 'சாப்பிட்டவுடன் வலி பறந்தது' என்றால் ஐயப்படுங்கள்.

நாள் ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. பால், தயிர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவற்றில் இது நிறைய உண்டு. சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. வெளியே போகாத பெண்களுக்கும் வெயில் கிடைத்தது. இன்றைய அடுக்குமாடி வீட்டில் அதற்கும் வழியில்லை. குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுதும் இருக்கும் ஆண்களும் இதில் விலக்கல்லர். மொட்டை மாடி இருந்தால் துணி உலர்த்தும் சாக்கில் சற்று நேரம் நில்லுங்கள். குறைபாடு மிகுந்தவருக்கு மாத்திரையே கைகொடுக்கும்.

ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறு பக்கமும் முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே அறுவையோடு மருத்துவம் முடிந்துவிடவில்லை. எலும்பை வலுப்படுத்தும் மருந்தும் தொடங்க வேண்டும். பலர் இதனைக் கேட்பதே இல்லை. சில மருத்துவமனைகளில் சொல்வதும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றப்படும் ஜோலெட்ரோனிக் அமிலம் என்னும் மருந்தை, இடுப்பெலும்பு அறுவை முடிந்த 90 நாட்களுக்குள் கொடுத்து ஆராய்ந்தார்கள். புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்புகள் 28 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் உண்டு. அதனை வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். ரமலானில் வாரம் ஒருநாள் ஸஹருக்கு அரை மணி முன்னதாக எழுந்து இதனை உண்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டைப் பற்றி. முதியவர் வாஷ்பேசினில் ஒரு காலைத் தூக்கி வைத்து உளூச் செய்வதுபோல் ஆபத்தானது வேறில்லை. மறு கால் ஈரத்தில் நிற்கிறது. முழங்கால் உயரத்தில் ஒரு கல்லோ முக்காலியோ போட்டு, உட்கார்ந்து கால் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். கழிப்பறைச் சுவரில் பிடித்தெழ ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு இரவு விளக்கு, கால் நழுவும் மிதியடிகளை அகற்றுதல் — இவற்றுக்கு அரை நாள் வேலை போதும். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் எழும்போது தலை சுற்ற வைக்கின்றனவா என்று கேட்டறியுங்கள். இரவில் எழுபவர் உடனே நடக்காமல், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. கைப்பிடியைப் பொருத்தும்போது பிளாஸ்டிக் துண்டு கொடுக்கும் துணி மாட்டும் கம்பியை மாட்டிவிடாமல், ஓர் ஆள் எடையைத் தாங்கும் இரும்புக் கம்பியை நான்கு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.